அச்சம் யாருக்கு, இரக்கம் யாருக்கு?

1551 நவம்பர் 25 அன்று, ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உள்ள திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் ஒரு சிக்கலான கேள்விக்கு விடை எழுதியது. பாவம் செய்த ஒருவன் குருவிடம் வந்து மண்டியிடுகிறான். கடவுளின் மனத்தை நோகச் செய்துவிட்டோமே என்ற வருத்தம் அவனிடம் பெரிதாக இல்லை. நரகத்துக்குப் போய்விடுவோமே என்ற பயம்தான் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அவனுடைய மனத்துயர் செல்லுமா?

செல்லும் என்றது சங்கம். ஆனால் அவன் பாவத்தை விட்டுவிடத் துணிந்திருக்க வேண்டும். மன்னிப்பு கிடைக்கும் என்று நம்பவும் வேண்டும். அப்படியானால் அந்தப் பயமே கடவுள் தந்த கொடை; ஒப்புரவு அருட்சாதனத்தின் வழியாக அருளைப் பெற அவனை அது ஆயத்தப்படுத்தும். யோனாவின் அச்சுறுத்தலைக் கேட்டு நினிவே நகரத்தார் நடுங்கி மனம் மாறியதைச் சங்கம் இதற்குச் சான்றாகக் காட்டியது.

கடவுள் அளவற்ற இரக்கம் உள்ளவர் என்றால் தண்டனைக்கு ஏன் அஞ்ச வேண்டும்? தண்டனை உண்மை என்றால் இரக்கத்துக்கு என்ன பொருள்? மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்தாம் இவை. பெரியவர்களும் இவற்றைத் தாண்டிப் போய்விடவில்லை. திருச்சபையின் கோட்பாடு இவ்விரண்டையும் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொள்ள வழி கண்டுவிட்டது. அதன் வரலாற்றில் நேர்ந்த பெரிய தவறுகள் கோட்பாட்டில் நேரவில்லை, முகவரியில் நேர்ந்தன. அஞ்ச வேண்டியவருக்கு இரக்கத்தைச் சொன்னார்கள். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நரகத்தைச் சொன்னார்கள். இந்தக் கட்டுரை அந்த வரலாற்றைப் பின்தொடர்கிறது.

அடுத்தடுத்த வசனங்கள்

முரண் என்று நாம் நினைப்பது நற்செய்தியில் அருகருகே கிடக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில், உடலை மட்டும் கொல்லக்கூடியவர்களுக்கு அஞ்சாமல், ஆன்மாவையும் உடலையும் நரகத்தில் அழிக்க வல்லவருக்கே அஞ்சும்படி இயேசு சொல்கிறார். அடுத்த மூன்று வசனங்களுக்குள் சிட்டுக்குருவிகளைக் காட்டி, தந்தையின் கவனத்துக்குத் தப்பி ஒரு குருவிகூட விழுவதில்லை, ஆகவே அஞ்சாதீர்கள் என்கிறார். அஞ்சுங்கள், அஞ்சாதீர்கள் என்ற இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில், ஒரே ஆட்களிடம் சொல்லப்பட்டவை.

இந்த முடிச்சை முதலில் நேராகக் கையில் எடுத்தவர் ஹிப்போ நகரின் ஆயர் புனித அகுஸ்தீன். யோவானின் முதல் திருமுகத்தைப் பற்றி 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஆற்றிய மறையுரைகளில் ஒரு இடர்ப்பாடு வந்து நின்றது. நிறை அன்பு அச்சத்தை வெளியே தள்ளிவிடும் என்கிறது அந்தத் திருமுகம். ஆண்டவர்மீது கொள்ளும் அச்சம் தூயது, என்றென்றும் நிலைப்பது என்கிறது திருப்பாடல் 19. வெளியேற்றப்படும் ஒன்று எப்படி என்றென்றும் நிலைக்கும்?

அகுஸ்தீன் இரண்டு மனைவிகளை எதிரெதிரே நிறுத்திக் காட்டினார். இருவருக்கும் கணவனைப் பற்றிய அச்சம் உண்டு. துரோகம் செய்தவள் அவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். உண்மையாய் இருப்பவள் அவன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சுகிறாள். முதல் அச்சம் போக வேண்டியது. இரண்டாவது அன்போடு சேர்ந்தே இருப்பது. முதல் அச்சத்தையும் அவர் இழிவாகப் பேசவில்லை. தைக்கிறபோது ஊசி முதலில் நுழைகிறது, பின்னால் நூலை இழுத்துவந்து உள்ளே விட்டுவிட்டுத் தான் வெளியேறுகிறது. அன்புக்கு வழி திறப்பதுதான் அச்சத்தின் வேலை என்றார். பின்னாளில் மேற்குலகின் இறையியல் இந்த விஷயத்தில் எழுதியதெல்லாம் பெரும்பாலும் இதன் விரிவுரைதான்.

கணக்கை மீறாத தாராளம்

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை முறைப்படுத்தினார். தண்டனைக்கு மட்டும் அஞ்சுவது அடிமையின் அச்சம். தந்தையின் மனம் நோகுமே, அவரைப் பிரிந்துவிடுவோமே என்று அஞ்சுவது பிள்ளையின் அச்சம். ஒருவர் கடவுளை நெருங்க நெருங்க முதலாவது தேய்ந்து, இரண்டாவது வளரும்.

கடவுளின் நீதியையும் இரக்கத்தையும் பற்றி அவர் தரும் விளக்கம் எளிமையானது. ஒருவருக்கு நூறு தெனாரியம் தர வேண்டியவர் தன் கைப்பணத்திலிருந்து இருநூறு கொடுத்தால், அவர் நீதி தவறிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. நீதிக்குமேல் தாராளமாக நடந்துகொண்டார் என்றுதான் சொல்வோம். தனக்கு இழைக்கப்பட்ட குற்றத்தை ஒருவர் மன்னிப்பதும் இப்படித்தான். இரக்கம் நீதியை அழிப்பதில்லை, நிறைவு செய்கிறது. நரகத் தண்டனையில்கூட இரக்கம் இல்லாமற் போகவில்லை, அங்கும் தண்டனை குற்றத்தின் அளவைவிடக் குறைவாகவே இருக்கிறது என்று அவர் வாதிட்டார்.

இந்த உவமையில் ஒரு இடைவெளி உண்டு. கடன் எனக்கு வர வேண்டியது என்றால் அதைத் தள்ளுபடி செய்ய எனக்கு உரிமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு வர வேண்டிய கடனை நான் தள்ளுபடி செய்ய முடியாது. இந்த இடைவெளி நம் காலத்தில் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

தண்டனை என்றால் என்ன என்பதிலும் தெளிவு வேண்டும். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பாவத்தின் தண்டனையைக் கடவுள் வெளியிலிருந்து வந்து தீர்க்கும் பழியாகப் பார்க்கக் கூடாது, அது பாவத்தின் இயல்பிலிருந்தே விளைவது என்கிறது. கடவுளோடு உள்ள உறவிலிருந்து மனிதர் தம்மைத் தாமே இறுதியாக விலக்கிக்கொள்ளும் நிலையே நரகம் என்றும், யாரையும் நரகத்துக்கென்று கடவுள் முன்குறித்து வைப்பதில்லை என்றும் அது சொல்கிறது. கடவுள் பிரம்போடு நிற்கிறார் என்ற படம் பல வீடுகளில் பிள்ளைகளை மிரட்டப் பயன்பட்டிருக்கிறது. திருச்சபையின் போதனை அந்தப் படத்தை ஆதரிக்கவில்லை.

அன்பைக் கட்டாயமாக்கியபோது

பயம் போதுமா என்ற கேள்வியை 16-ஆம் நூற்றாண்டில் பற்றவைத்தவர் மார்ட்டின் லூத்தர். எர்ஃபுர்ட் நகரின் அகுஸ்தீன் சபை மடத்தில் துறவியாக இருந்தபோது, பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அவருக்கு மன அமைதி கிட்டவில்லை. நரகத்தை எண்ணிப் பார்த்து வரவழைத்துக்கொள்ளும் மனத்துயர் மனிதரை வெளிவேடக்காரராகவும் இன்னும் பெரிய பாவியாகவும் ஆக்குகிறது என்று அவர் எழுதினார். திருத்தந்தை பத்தாம் லியோ 1520-இல் கண்டனம் செய்த கூற்றுகளில் இதுவும் ஒன்று. திரெந்து சங்கத்தின் 1551-ஆம் ஆண்டுத் தீர்ப்பு லூத்தருக்கான பதில்.

அந்தத் தீர்ப்பு தமிழ்க் கடற்கரைக்கு வர அதிக காலம் ஆகவில்லை. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றீக்கசு 1580-இல் கொச்சியில் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்றே பாவத்தை எப்படி ஆராய்வது, எப்படி அறிக்கையிடுவது என்பதைப் பற்றியது. பழைய தலைமுறைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘உத்தம மனஸ்தாபம்’ என்று சொல்லி வந்ததன் பின்னால் இருப்பது திரெந்து சங்கம் வகுத்த அதே வேறுபாடு. கடவுள்மேல் உள்ள அன்பினால் வரும் துயர் உத்தமமானது; பயத்தினால் வருவது அதற்கு ஒரு படி குறைவு.

சங்கத்தின் தீர்ப்போடு சண்டை ஓயவில்லை. பிரான்சில் ஜான்சனிய இயக்கத்தார், பயம் மட்டும் போதும் என்பது கடவுளை அன்பு செய்யும் கடமையிலிருந்து கிறிஸ்தவனுக்கு விலக்களிப்பது ஆகாதா என்று கேட்டார்கள். அவர்கள் பக்கம் நின்ற பாஸ்கல் 1656-இல் எழுதிய பத்தாவது ‘மாகாணக் கடிதம்’, பயம் போதும் என்ற இயேசு சபையாரை இந்தப் புள்ளியில்தான் கிழித்துத் தோரணம் கட்டியது. கேள்வி நியாயமானது, எழுத்து அபாரமானது. இரு தரப்பும் ஒருவரையொருவர் வசைபாடுவது முற்றிப்போகவே, 1667-இல் திருத்தந்தை ஏழாம் அலெக்சாந்தர், உரோமை இறுதியாக முடிவு சொல்லும்வரை எந்தத் தரப்பும் மறுதரப்பைக் கண்டனம் செய்யக் கூடாது என்று ஆணையிட்டார். அந்த இறுதி முடிவு பிறகு வரவே இல்லை.

இந்தச் சண்டையின் நடைமுறை விளைவு வியப்பானது. அன்பு வேண்டும் என்று வலியுறுத்திய தரப்புதான் மக்களை அதிகமாகப் பயமுறுத்தியது. உண்மையான அன்பு பிறந்துவிட்டதா என்று சோதித்துப் பார்க்கும்வரை பாவமன்னிப்பைத் தள்ளிப்போடுங்கள் என்றார்கள். அத்தரப்பின் அந்துவான் அர்னோ 1643-இல் எழுதிய நூல், தகுதியில்லாமல் நற்கருணை வாங்குவதைப் பற்றி எச்சரித்தது. நற்கருணையை அண்டவே அஞ்சும் பழக்கம் பரவியது. என் அன்பு போதுமான அளவு தூயதா என்ற கேள்விக்கு எந்த மனிதரும் நிம்மதியாக விடை சொல்ல முடியாது. பயமே போதும் என்று ஒப்புக்கொண்ட தரப்போ, பயந்தவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து மன்னிப்பு வழங்கியது. கட்டாயமாக்கப்பட்ட அன்பைவிடப் பெரிய அச்சம் வேறில்லை என்பதை அந்த நூற்றாண்டு காட்டிக்கொடுத்தது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1905-இல் அடிக்கடி நற்கருணை வாங்கும்படி மக்களுக்கு அழைப்பு விடுத்த ஆணையின் வழியாகத்தான் அந்தக் கெடுபிடி அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது.

எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை

இன்னொரு மரபும் இதற்கு இணையாக ஓடி வந்திருக்கிறது. பெரிய கிரகோரி 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையானதும் எழுதிய மேய்ப்புப்பணி நூலின் மூன்றாம் பகுதி முழுவதும் ஒரே கருத்தைப் பேசுகிறது. ஒருவருக்குச் சொல்லும் அறிவுரை இன்னொருவருக்குச் சொல்லத் தகாது. துணிச்சல்காரருக்கு ஒன்று, கூச்சமுள்ளவருக்கு ஒன்று. தண்டனைக்குப் பயந்து ஒழுங்காக வாழ்பவருக்கு ஒன்று, தண்டித்தாலும் திருந்தாதவருக்கு ஒன்று என்று இணை இணையாக அவர் பிரித்து எழுதுகிறார்.

லொயோலா இஞ்ஞாசியார் இதைத் தன் உடம்பில் பட்டு அறிந்தவர். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும், ஏதோ விட்டுப்போய்விட்டது என்ற கலக்கம் அவரை அரித்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை அது போனதாக அவரே பின்னாளில் சொன்னார்.

அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்கு 1548-இல் உரோமை ஒப்புதல் அளித்தது. நரகத்தைப் பற்றிய தியானம் அதில் முதல் வாரத்திலேயே வருகிறது. தீயைப் பார்க்க வேண்டும், ஓலத்தைக் கேட்க வேண்டும், புகையையும் கந்தகத்தையும் முகர வேண்டும், கண்ணீரின் கசப்பைச் சுவைக்க வேண்டும், அனலைத் தொட வேண்டும். ஐம்புலன்களையும் விட்டுவைக்காத தியானம் அது. ஆனால் அதில் கேட்டுப் பெற வேண்டிய வரம் எது என்று பார்க்க வேண்டும். என் குற்றங்களினால் ஆண்டவரின் அன்பை நான் மறந்துபோனாலும், தண்டனையின் அச்சமாவது என்னைப் பாவத்திலிருந்து தடுக்கட்டும் என்பதே அது. அன்பு முதல்; அச்சம் அது தவறும்போது பிடித்துக்கொள்ளும் துணை. தியானம் முடிவதும் கிறிஸ்துவோடு உரையாடி, இதுவரை தன்மேல் காட்டிய இரக்கத்துக்கு நன்றி சொல்வதில்தான்.

அதைவிட நுட்பமானவை, மனத்தில் எழும் தூண்டுதல்களைப் பகுத்தறிய அவர் தரும் விதிகள். ஒரு சாவான பாவத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருப்பவனுக்குத் தீய ஆவி இன்பக் கனவுகளைக் காட்டித் தட்டிக்கொடுக்கும். நல்ல ஆவி மனச்சாட்சியைக் குத்தும். நல்வழியில் முன்னேற முயல்பவனுக்கோ எல்லாம் தலைகீழ். அவனைக் கலங்கடித்து, துயரப்படுத்தி, பொய்க் காரணங்களால் தடை போடுவது தீய ஆவி. துணிவும் ஆறுதலும் தருவது நல்ல ஆவி. அச்சம் என்பது ஒன்றே; யார் மனத்தில் எழுகிறது என்பதைப் பொறுத்து அது கடவுளின் குரலாகவும் இருக்கலாம், எதிரியின் குரலாகவும் இருக்கலாம். இரக்கத்தையும் தண்டனையையும் இணைக்க கத்தோலிக்க மரபு தந்த விடைகளில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது இதுதான்.

வழக்கறிஞராக இருந்த ஒரு குரு

நேப்பிள்ஸ் நகரின் அல்போன்ஸ் லிகோரி (1696–1787) இந்த மரபை ஒப்புரவுத் தொட்டிக்குள் கொண்டுபோனவர். வழக்கறிஞராக இருந்து, 1723-இல் ஒரு பெரிய வழக்கில் தோற்றபின் அத்தொழிலைக் கைவிட்டுக் குருவானார். மலைக் கிராமங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஏழைகளுக்காக 1732-இல் மீட்பர் சபையைத் தொடங்கினார். அவருடைய ‘சாவுக்கு ஆயத்தம்’ நூலைப் புரட்டுபவர் நடுங்கிப்போவார். சாவு, தீர்ப்பு, நரகம், முடிவில்லாக் காலம் என்று ஒவ்வொன்றாக விரியும் எழுத்து அது.

அதே மனிதர் ஒப்புரவு கேட்கும் குருக்களுக்கு எழுதிய வழிகாட்டியில், குருவுக்கு நான்கு பொறுப்புகளை வரிசைப்படுத்தினார். முதலில் அவர் தந்தை, பிறகு மருத்துவர், பிறகு ஆசிரியர், கடைசியில்தான் நடுவர். எல்லா ஐயத்திலும் கடுமையான வழியையே சுமத்த வேண்டும் என்ற அக்காலக் கண்டிப்புக்காரர்களை எதிர்த்து, மனிதரின் சுதந்திரத்துக்கு இடம் தரும் அறநெறி இறையியலை அவர் கட்டி எழுப்பினார்.

மேடையில் நரகம், தொட்டியில் தந்தை. இதை முரண் என்று சொல்லத் தோன்றும். மேடைக்குக் கீழே மரத்துப்போன கூட்டம் இருந்தது; தொட்டிக்கு அந்தப் பக்கத்திலோ மனம் உடைந்து வந்த ஒரு தனி ஆள் இருந்தார். முகவரி வேறு, சொல் வேறு. லிகோரியே வாழ்நாள் முழுவதும் மனச்சாட்சிக் கலக்கத்தால் அவதிப்பட்டவர். முதுமையில் அது முற்றியது. இன்று மருத்துவர்கள் இத்தகைய கலக்கம் முற்றும்போது அதை எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாகப் பார்க்கிறார்கள். ஒரே ஆன்மகுருவைத் தேர்ந்துகொள், அவர் சொல்வதற்குக் கீழ்ப்படி, மன்னிக்கப்பட்ட பாவத்தைத் திரும்பக் கிளறாதே என்பதே பழைய ஆன்மகுருக்கள் தந்த மருந்து. இதே லிகோரியைத்தான் திருச்சபை 1871-இல் மறைவல்லுநர் என்றும், 1950-இல் ஒப்புரவு கேட்கும் குருக்களின் பாதுகாவலர் என்றும் அறிவித்தது.

லிசியே நகரத்துச் சிறுமி

1885 மே மாதம், பிரான்சின் லிசியே நகரில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளித் தியானத்தில் பாவத்தைப் பற்றிய உரைகளைக் கேட்டாள். அன்று பிடித்த மனச்சாட்சிக் கலக்கம் ஒன்றரை ஆண்டு அவளை விடவில்லை. மிகச் சாதாரண எண்ணங்களும் செயல்களும் அவளைக் கலங்கடித்தன. நாள்தோறும் அவற்றைத் தன் அக்கா மரியிடம் ஒப்பிப்பாள். குருவிடம் எதைச் சொல்லலாம், எதை விட்டுவிடலாம் என்று அக்காதான் பிரித்துக் கொடுப்பார். அந்தச் சிறுமிதான் பின்னாளில் குழந்தை இயேசுவின் தெரசா.

கலக்கம் தெளிந்த மறு ஆண்டு, 1887-இல், பாரிசில் மூன்று பேரைக் கொன்ற ஹென்றி பிரான்சீனிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவனிடம் மனவருத்தத்தின் சாயலே இல்லை என்று ஊரெங்கும் பேச்சு. பதினான்கு வயதுத் தெரசா அவனுக்காக வேண்டத் தொடங்கினாள். ஆகஸ்ட் 31 அன்று அவன் தலை துண்டிக்கப்பட்டது. கொலைமேடையில் கடைசி நொடியில் குருவிடமிருந்து பாடுபட்ட சிலுவையை வாங்கி மூன்று முறை முத்தமிட்டான் என்ற செய்தியை நாளிதழில் படித்த தெரசா, அவனைத் தன் முதல் பிள்ளை என்று எண்ணிக்கொண்டாள்.

கார்மேல் மடத்தில் சேர்ந்த பிறகு, 1891-இல் தியானம் கொடுக்க வந்த ஒரு பிரான்சிஸ்கன் சபைக் குரு, அவளுடைய குறைகள் கடவுளை நோகச் செய்யவில்லை என்று சொன்னது அவளுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அக்காலத்துப் பக்தியில் சிலர், பாவிகளுக்கு வர வேண்டிய தண்டனையைத் தாங்களே ஏற்பதாக, கடவுளின் நீதிக்குத் தங்களைப் பலியாக ஒப்புக்கொடுப்பதுண்டு. தெரசா அந்த வழியில் போகவில்லை. 1895 ஜூன் 9 அன்று இறைவனின் இரக்க அன்புக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் மறைபரப்பாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இரக்கத்திடம் எதிர்பார்ப்பதையே நீதியிடமும் தாம் எதிர்பார்ப்பதாகச் சொன்னார். கடவுள் நீதியுள்ளவர் என்பதால் நம் பலவீனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்பது அவர் வாதம். அகுஸ்தீனும் அக்குவினாசும் நூல் நூலாக எழுதிய இடத்தை இருபத்து நான்கு வயதுப் பெண் ஒரு கடிதத்தில் கடந்துவிட்டார். 1997-இல் இரண்டாம் யோவான் பவுல் அவரை மறைவல்லுநராக அறிவித்ததில் வியப்பில்லை.

எல்லாரும் மீட்கப்படுவார்களா?

இரக்கம் அளவற்றது என்றால் கடைசியில் நரகம் காலியாகத்தானே இருக்க வேண்டும்? 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜன் அந்தத் திசையில் எண்ணினார். தண்டனை ஒரு நாள் முடிந்து எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் என்று அடித்துச் சொல்லும் கருத்தை 543-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டனம் செய்தார்கள். அகுஸ்தீனும் தம் காலத்தில் இப்படிப் பேசியவர்களை, இரக்கமுள்ள நம் அன்பர்கள் என்ற மெல்லிய கிண்டலோடு, ‘கடவுளின் நகரம்’ நூலின் 21-ஆம் பகுதியில் மறுத்தார்.

20-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் ஹான்ஸ் உர்ஸ் ஃபொன் பால்தசார் கேள்வியைச் சற்று நகர்த்திவைத்தார். எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று அறிந்திருப்பதாகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் எல்லாருக்காகவும் நம்பிக்கை கொள்ளலாம், அது கடமையும்கூட என்று 1980-களில் எழுதினார். நரகம் என்னும் வாய்ப்பை எண்ணி நான் அஞ்ச வேண்டியது எனக்காகத்தான். பிறருக்காக நான் நம்பிக்கை கொள்ள வேண்டும். அவரைக் கடுமையாகத் தாக்கியவர்கள் உண்டு. எனினும் எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்த திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட இதுவரை அறிவித்ததில்லை.

போலந்தின் அருள்சகோதரி ஃபவுஸ்தீனாவும் (1905–1938) இங்கே நினைவுகூரத் தக்கவர். தமிழ்ப் பங்குகளில் பிற்பகல் மூன்று மணிக்குச் சொல்லும் இறை இரக்க செபமாலைக்கு மூலம் அவருடைய நாட்குறிப்பு. அந்தப் பக்தியைப் பரப்ப 1959-இல் உரோமை விதித்த தடை 1978-இல்தான் நீங்கியது. 2000 ஏப்ரல் 30 அன்று அவர் புனிதரானார். இரக்கத்தைத் தவிர வேறெதுவும் பேசாதவர் என்று பலரும் எண்ணும் அவருடைய நாட்குறிப்பில் நரகக் காட்சியும் இருக்கிறது. இரக்கத்தின் தூதர் நரகத்தை மறைத்துவைக்கவில்லை.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எழுதிய சுற்றுமடலில் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். அருள் அநீதியைத் துடைத்து அழித்துவிடுவதில்லை. கொடுமை செய்தவரும் அதற்கு ஆளானவரும், எதுவுமே நடக்காதது போல நிலைவாழ்வின் விருந்தில் வித்தியாசமின்றி அருகருகே உட்கார்ந்துவிட முடியாது. கடைசித் தீர்ப்பு என்பது முதலில் ஆதரவற்றவர்களின் நம்பிக்கை; அச்சுறுத்தல் என்று அதை எண்ணுவது வலியவர்களின் பார்வை.

தவறான முகவரிக்குப் போன இரக்கம்

அக்குவினாசின் உவமையில் கண்ட இடைவெளி இங்கேதான் பள்ளமாகியது. சிறார்மீது பாலியல் வன்கொடுமை புரிந்த குருக்களைப் பல நாடுகளில் ஆயர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து, மன்னித்து, வேறு பங்குக்கு மாற்றி அனுப்பினார்கள். அது இரக்கம் என்று பெயர் பெற்றது. கடன்பட்டது அந்தச் சிறுவர் சிறுமியரிடம். தள்ளுபடி செய்தவர்களோ வேறு யாரோ.

திருத்தந்தை பிரான்சிஸ் இரக்கத்தின் திருத்தந்தை என்று பெயரெடுத்தவர். 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை இரக்கத்தின் யூபிலி ஆண்டை அறிவித்தவர். திருச்சபைச் சட்டத்தின் தண்டனைப் பகுதி முழுவதையும் திருத்தி 2021 மே 23 அன்று கையெழுத்திட்டவரும் அவரே. அன்புக்கும் தண்டனைக்கும் உள்ள நெருங்கிய உறவைப் புரிந்துகொள்ளாமல் போனதால் கடந்த காலத்தில் பெரிய கேடு விளைந்தது என்று அதன் முன்னுரையில் அவர் ஒப்புக்கொள்கிறார். 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சிறாருக்கு எதிரான இந்தக் குற்றத்தைக் குருக்களின் சிறப்புக் கடமைகளை மீறும் குற்றங்களோடு வைத்திருந்தது. புதிய சட்டம் அதை மனித உயிர், மாண்பு, சுதந்திரம் ஆகியவற்றுக்கு எதிரான குற்றங்களின் கீழ்க் கொண்டுவந்தது. குற்றம் யாருக்கு எதிராக நடந்தது என்பதைச் சட்டம் கடைசியில் கண்டுகொண்டது.

ஒப்புரவு அருட்சாதனத்தின் பழைய விதியொன்று இதையே எப்போதும் சொல்லி வந்திருக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்க மறுப்பவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை. வரிதண்டுவோர் தலைவன் சக்கேயு இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்றதும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொல்கிறான். இரக்கம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததற்கு அடையாளம் அந்த நான்கு மடங்கு.

சொல்லப்பட வேண்டியது

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது நடைமுறைக்கு உதவும் ஒரு தெளிவு. தண்டனையின் அச்சம் தொடக்கத்துக்குப் போதும், தங்குவதற்குப் போதாது. பிறருக்குத் தீங்கு செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவனுக்கு அந்த அச்சம் கடவுள் காட்டும் இரக்கம். அதை அவனுக்கு மறைப்பது கொடுமை. செய்த குற்றத்துக்கு மனம் வருந்தி, அறிக்கையிட்டு, ஈடு செய்து, இன்னமும் நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த அச்சத்தை மேலும் ஊட்டுவதும் அதே அளவு கொடுமை.

தவக்காலத் தியானங்களில் நம் ஊர்க் கோயில்களில் ஒரே மறையுரையை எல்லாரும் கேட்கிறார்கள். வேலையாட்களின் கூலியைப் பிடித்துவைத்திருக்கும் முதலாளியும் அங்கே இருக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மன்னிக்கப்பட்ட பாவத்தை இன்னும் நினைத்து அழும் மூதாட்டியும் இருக்கிறார். நரகத்தைப் பற்றிய உரை அந்த மூதாட்டியின் தூக்கத்தைக் கெடுக்கும். முதலாளியின் காதில் விழாது. இரக்கத்தைப் பற்றிய உரையோ முதலாளிக்கு இனிக்கும். அது தனக்கில்லை என்று மூதாட்டி நினைத்துக்கொள்வார். மறையுரை ஆயத்தம் செய்யும் குருக்களும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பவர்களும், வீட்டில் செபம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் நரகத்தையோ இரக்கத்தையோ பேசத் தொடங்கும் முன், இதைக் கேட்கப் போவது யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். உங்கள் அச்சம் உங்களை மன்னிப்பை நோக்கி நடக்க வைக்கிறது என்றால் அதை மதியுங்கள். மன்னிப்பிலிருந்து உங்களைத் தள்ளிவைக்கிறது என்றால் அது கடவுளிடமிருந்து வந்ததில்லை என்று துணிந்து விட்டுவிடுங்கள்.